எண்ணெயில் நீர் கலந்த எஞ்சின்: திறப்பதற்கு முன் அறிவது

பெட்ரோல் எஞ்சினுக்குள் நெருப்பும் நீரும் எண்ணெயும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகச் சுவர்களுக்கு அப்பாலும் இப்பாலுமாக, ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்கின்றன. சிலிண்டருக்குள் எரிபொருள் எரிகிறது. அந்தச் சிலிண்டரைச் சுற்றி வார்ப்பிலேயே விடப்பட்டிருக்கும் இடைவெளியில், அதாவது பட்டறைகளில் 'வாட்டர் ஜாக்கெட்' எனப்படும் நீருறையில், ரேடியேட்டரிலிருந்து வரும் நீர் ஓடி வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. அதற்கு மிக அருகிலேயே துளைக்கப்பட்டிருக்கும் வழிகளில் எண்ணெய் ஏறிச் சென்று பேரிங்குகளையும் வால்வு அமைப்பையும் நனைத்துவிட்டு, சம்ப் எனப்படும் அடித்தொட்டிக்குத் திரும்புகிறது. இந்தச் சுவர்களில் ஏதேனும் ஒன்று விரிசல் விட்டாலோ, சுவரும் சுவரும் சேரும் இடத்தில் வைக்கப்பட்ட கேஸ்கெட் என்னும் அடைப்புத் தகடு நலிந்தாலோ, நீர் எண்ணெய்க்குள் இறங்குகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கிளாசிக் கார்களை வைத்துப் பேணுவோர் மிகவும் அஞ்சும் கோளாறுகளில் இது ஒன்று.

இதன் வெளி அடையாளம் எளிதில் கண்ணில் படும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடிப்பக்கத்தில் பால் கலந்த காபியின் நிறத்தில் ஒரு களிம்பு படிந்திருக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே களிம்பு ஒட்டி வரலாம். ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டே போகும், ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு துளி ஈரமும் இருக்காது. இவற்றைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று தீர்மானித்து, சிலிண்டர்களின் மேல்மூடியாகிய ஹெட்டை இறக்கிவிடுவது பட்டறை வழக்கம். பல சமயங்களில் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். ஆனால் ஹெட்டின் நட்டுகளைத் தளர்த்திய கணத்திலேயே, கசிவு எந்த இடத்தில், எந்த அழுத்தத்தில், சூட்டிலா குளிரிலா நிகழ்ந்தது என்பதைக் காட்டக்கூடிய நிலைமை கலைந்துவிடுகிறது என்பதையும், மேசையில் வைத்த ஹெட்டும் கையில் எடுத்த கேஸ்கெட்டும் பாதிக் கதையை மட்டுமே சொல்லும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாற்று உதிரிபாகம் கிடைப்பது அரிதாகிவிட்ட பழைய எஞ்சினில், கோளாறின் இடத்தைத் திறப்பதற்கு முன்பே இயன்றவரை கண்டறிவதுதான் முறையான வழி. அதற்கு விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும், அந்த எஞ்சினில் நீரும் எண்ணெயும் எங்கெங்கே அருகருகே போகின்றன என்ற அறிவு அதிகம் தேவைப்படுகிறது.

கண்டறியும் வேலையைத் தொடங்குமுன் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே இரு உலோகங்களும் தொடாதபடி பிரித்து வைப்பது மிக மெல்லிய எண்ணெய்ப் படலமே. நீர் கலந்து நுரைத்த எண்ணெயால் அந்தப் படலத்தைச் சுமையின்கீழ் தாங்கிப் பிடிக்க முடியாது. நீருடன் எத்திலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்புப் பொருளும் சேர்ந்திருந்தால் கேடு இன்னும் ஆழமானது. சூடான எண்ணெய்க்குள் அது சிதைந்து கரிம அமிலங்களாக மாறி, பேரிங்கின் மேற்பூச்சிலுள்ள ஈயத்தை அரிக்கிறது, எண்ணெயைக் கெட்டியாக்கி வடிகட்டியை அடைக்கிறது. கடும் உறைபனி இல்லாத தமிழ்நாட்டுச் சமவெளியில் பழைய வண்டிகள் பல வெறும் தண்ணீரிலேயே ஓடுவதால் இந்த இரண்டாவது ஆபத்து அவற்றுக்குக் குறைவு. எனினும் அதே தண்ணீர் துருவையும் உப்புப் படிவையும் நீருறைக்குள் வளர்த்து, கசிவு தொடங்குவதற்கான காரணத்தையே பல ஆண்டுகளாக உள்ளிருந்து உருவாக்கி வைக்கிறது.

களிம்பைக் கண்டதாலேயே கசிவு உறுதியாகிவிடுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்கு நீர் உருவாகி, ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. அதில் சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே, எண்ணெய் இருக்கும் பகுதிக்குள் நுழைகிறது. எஞ்சின் முழுச் சூட்டை அடைந்து நெடுநேரம் ஓடினால் அந்த ஆவி மீண்டும் வெளியேறிவிடும். வாரத்துக்கு ஒருமுறை கொட்டகையிலிருந்து எடுத்துத் தெருமுனை வரை ஓட்டி நிறுத்தப்படும் வண்டியிலோ, அது எஞ்சினின் மிகக் குளிர்ந்த பகுதியாகிய எண்ணெய் மூடியின் அடியில் படிந்து எண்ணெயோடு குழைந்து களிம்பாகிறது. கிராங்க் அறையின் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இல்லாமல், காற்றோட்டத்தை நம்பிய ஒரு வெறும் குழாய் மட்டுமே இருந்ததும் இதற்கு ஒரு காரணம். மழைக்காலத்திலும் மலைப் பகுதிகளிலும் இது கூடுதலாகக் காணப்படும். மூடியில் மட்டும் களிம்பு இருந்து, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாகவும், ரேடியேட்டரில் நீர்மட்டம் மாறாமலும் இருக்குமானால், வண்டியை முழுச் சூட்டில் நெடுந்தொலைவு ஓட்டிப் பார்ப்பதே போதிய சோதனையாகும். இந்த ஒரு விளக்கம் தெரியாததால் வீணாக இறக்கப்பட்ட நல்ல ஹெட்டுகள் குறைவல்ல.

மாறாக, டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் ஊற்றாமலேயே உயர்ந்திருந்தால் ஐயத்துக்கு இடம் குறைகிறது. நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே வண்டியை ஓர் இரவு முழுவதும் அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினை இயக்காமலேயே சம்ப்பின் வடிகால் போல்டைக் கழற்றிவிடாமல் சற்றே தளர்த்தினால், நீர் இருக்கும் பட்சத்தில் எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். அவ்வாறு வரும் நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து அதன் நிறம், துரு, கூலண்ட் எனப்படும் குளிர்விப்புத் திரவத்தின் சாயம் ஆகியவற்றைப் பார்ப்பது பயன் தரும். பிரியாமல் எண்ணெயோடு குழைந்துபோன சிறிதளவு நீரைக் கண்டுபிடிக்கச் சுமார் 150 டிகிரி சூட்டில் உள்ள ஒரு தகட்டின்மீது ஒரு சொட்டு எண்ணெயை விடும் பழைய முறை இருக்கிறது. நீர் கலந்திருந்தால் சொட்டு படபடவென்று பொரியும், இல்லையெனில் அமைதியாகப் பரவும். தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்தே இதைச் செய்ய வேண்டும். எண்ணெய் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினால், நீரின் அளவோடு சோடியம், பொட்டாசியம் போன்ற தனிமங்களின் அளவும் தெரியவரும். கூலண்டில் அரிப்பைத் தடுக்கச் சேர்க்கப்படும் உப்புகளில் இவை இருப்பதால், எண்ணெயில் இவை திடீரென மிகுந்திருப்பது காற்றின் ஈரத்தால் நேர்ந்ததாக இருக்க முடியாது. வெறும் தண்ணீரில் ஓடும் வண்டிக்கு இந்தச் சான்று அவ்வளவு தெளிவாகப் பேசாது.

கசிவு உண்டு என்று தெரிந்தபின் எழும் கேள்வி, எந்தச் சுவர் என்பது. இதற்கு விடை காண இந்தியச் சாலைகளில் நன்கு அறிமுகமான ஓர் எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரித்த அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்தது பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய 'பி சீரிஸ்' வகையைச் சேர்ந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். எம்.ஜி.ஏ. என்னும் விளையாட்டுக் காரும் தொடக்கத்தில் இதே கொள்ளளவு கொண்ட எஞ்சினுடன்தான் வந்தது. அம்பாசடர் எஞ்சினின் பிளாக் எனப்படும் உடற்பகுதியும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. வாட்டர் பம்ப் எஞ்சினின் முன்புறத்தில் வெளியே பொருத்தப்பட்டிருப்பதால், அது பழுதானால் நீர் தரையில்தான் ஒழுகும், எண்ணெய்க்குள் போக வழியில்லை. ஆகவே பம்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எஞ்சியிருப்பவை ஹெட் கேஸ்கெட், ஹெட்டின் வார்ப்பு, பிளாக்கின் வார்ப்பு ஆகிய மூன்றே.

இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் நீண்ட தள்ளுகோல்கள் பிளாக், கேஸ்கெட், ஹெட் மூன்றையும் ஊடுருவும் துளைகளின் வழியே மேலும் கீழும் அசைகின்றன. மேலே தெளிக்கப்பட்ட எண்ணெயும் அதே துளைகளின் வழியாகத்தான் சம்ப்புக்கு இறங்குகிறது. அழுத்தத்துடன் மேலேறும் எண்ணெயோ ஹெட்டுக்குச் செல்ல ஒரே ஒரு சிறு துளையைத்தான் பயன்படுத்துகிறது. ஆக, கேஸ்கெட்டின் பரப்பில் நீர்த்துளைகளுக்கு அருகே அழுத்தமில்லாத எண்ணெய் இறங்கும் துளைகள் பலவும், அழுத்தமுள்ள எண்ணெய் ஏறும் துளை ஒன்றும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கொண்டே கசிவின் இடத்தைப் பாதி ஊகித்துவிடலாம்.

எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரை இருக்கும். குளிர்விப்பு நீரின் அழுத்தத்தை ரேடியேட்டர் மூடியிலுள்ள விசைச்சுருள் கட்டுப்படுத்துகிறது; பழைய கார்களில் அது 4 அல்லது 7 பவுண்டாகவும், பின்னாளில் வந்தவற்றில் 13, 15 பவுண்டாகவும் அமைந்தது. அழுத்தம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 7 பவுண்டு மூடியிட்ட ரேடியேட்டரில் நீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். இப்போது அழுத்தமுள்ள எண்ணெய் வழிக்கும் நீருறைக்கும் இடையே ஒரு விரிசல் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் ஓடும்வரை அழுத்தம் மிகுந்த எண்ணெய்தான் நீருக்குள் தள்ளப்படும். ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் சில நொடிகளில் இல்லாமல் போகிறது. சூடாக இருக்கும் நீரோ இன்னும் நெடுநேரம் அழுத்தத்துடனேயே இருக்கிறது. அந்த நேரத்தில் நீர் எதிர்த்திசையில் எண்ணெய்க்குள் நுழையும். எனவே இரு பக்கமும் கலப்பு காணப்பட்டால் அழுத்தமுள்ள வழியின் அருகே தேட வேண்டும். ரேடியேட்டர் நீர் தெளிவாக இருந்து, எண்ணெய் மட்டும் வெளுத்திருந்தால், நீர் தப்பிச் சென்ற இடம் எண்ணெய் அழுத்தமின்றி இறங்கும் தள்ளுகோல் துளைகளாகவோ, சிலிண்டர் சுவராகவோ இருக்க வேண்டும். வண்டிச் சொந்தக்காரர் ஒரு டார்ச் விளக்கும் வெள்ளைத்துணியும் கொண்டு ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தப் பார்வைக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை.

பி சீரிஸ் எஞ்சினுக்கே உரிய இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். வால்வுகளை அழுத்தும் ராக்கர் தண்டைத் தாங்கும் பீடங்களைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகள், அதே ஸ்டட்களின் வழியாக ஹெட்டையும் பிளாக்கோடு பிடித்திருக்கின்றன. ராக்கர் தண்டை மட்டும் கழற்றும் எண்ணத்தில் அந்த நான்கை அவிழ்த்துவிட்டு மற்ற ஹெட் நட்டுகளை இறுக்கமாகவே விட்டுவிட்டால் ஹெட் கோணலாகி, நீர் சிலிண்டர்களுக்கும் சம்ப்புக்கும் இறங்கக்கூடும்; ஆகவே முதலில் ரேடியேட்டர் நீரை வடித்து, எல்லா ஹெட் நட்டுகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்திய பிறகே ராக்கர் தண்டைத் தொட வேண்டும் என்று இந்த எஞ்சின்களின் பணிமனைக் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஆகையால் எண்ணெய் வெளுத்த அம்பாசடரைக் கண்டால், அண்மையில் ராக்கர் வேலை ஏதும் நடந்ததா என்று கேட்பது எந்தக் கருவியைக் காட்டிலும் விரைவாக விடை தரக்கூடும்.

எஞ்சினுக்கு எஞ்சின் இந்த உள்வழிகள் மாறுகின்றன என்பதால், ஒன்றில் கற்றதை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இணைத்து விற்ற வேன்கார்டு காரின் 2088 சி.சி. எஞ்சினில் சிலிண்டர்கள் பிளாக்கோடு சேர்த்து வார்க்கப்பட்டவை அல்ல. தனிக் குழல்களாகச் செருகப்பட்டு, குளிர்விப்பு நீர் அவற்றை நேரடியாகத் தொட்டு ஓடும். இவற்றுக்கு 'வெட் லைனர்' என்று பெயர். ஃபெர்குசன் டிராக்டரிலும் டிரையம்ப் டி.ஆர். வரிசைக் கார்களிலும் இந்தக் குடும்பத்து எஞ்சினே இருந்தது. லைனர்களின் அடிப்புறத்தில், இரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்றாக, எட்டு என்னும் எண்ணின் வடிவில் அமைந்த மெல்லிய அடைப்புத் தகடுதான் மேலே உள்ள நீரைக் கீழே உள்ள சம்ப்பிலிருந்து பிரிக்கிறது. அது நலிந்தாலோ, லைனர் அமரும் விளிம்பு துருப்பிடித்தாலோ, ஹெட் கேஸ்கெட் முழு நலத்துடன் இருக்கும்போதே நீர் நேராகச் சம்ப்பில் சொட்டும். லைனர்களின் மேல்விளிம்பு பிளாக்கின் பரப்பைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு உயர்ந்து நிற்க வேண்டும் என்பதும், ஹெட்டை இறக்கியபின் லைனர்களைப் பிடித்துவைக்காமல் கிராங்க்கைச் சுழற்றினால் அவை மேலெழுந்து அடியிலுள்ள நல்ல அடைப்பும் கெட்டுவிடும் என்பதும் இந்த வகை எஞ்சினில் கை வைப்போர் அறிந்திருக்க வேண்டியவை. முன்யோசனையின்றி ஹெட்டை இறக்குவது கோளாறைப் பெருக்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அமெரிக்க வி8 எஞ்சின்களில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. 1955இல் வந்த ஷெவர்லே சிறு பிளாக் எஞ்சினில் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே அமரும் உள்ளிழுப்பு மேனிஃபோல்டின் முனையில் நீர்வழி இருக்கிறது. அங்குள்ள கேஸ்கெட் கசிந்தால் நீர் நேரே கீழேயுள்ள பள்ளத்தில் விழுந்து சம்ப்பை அடையும். ஃபோர்டின் 289, 302 கன அங்குல எஞ்சின்களில் பம்பிலிருந்து பிளாக்குக்குப் போகும் நீர், டைமிங் செயினை மூடியிருக்கும் முன்மூடியின் ஊடாகப் பாய்வதால், அந்த மூடி அரிக்கப்பட்டால் நீர் செயின் அறைக்குள் இறங்கும். 1970 முதல் 1977 வரை வெளிவந்த பிரிட்டனின் டிரையம்ப் ஸ்டாக் காரில் வாட்டர் பம்ப் வி வடிவப் பள்ளத்தின் உயரத்தில், எஞ்சினின் உள்ளே சுழலும் ஒரு துணைத்தண்டின் பல்சக்கரத்தால் இயக்கப்படுகிறது; ஒருபுறம் நீரும் மறுபுறம் எண்ணெயும் உள்ள அந்தப் பம்பின் அடைப்பு வளையங்கள் தேய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இவை எதிலும் ஹெட்டைத் தொடாமலேயே கோளாறைத் தீர்க்கலாம்.

ஸ்டாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது பிரீமியர் பத்மினியாக இந்தியாவில் ஓடிய ஃபியட் 1100 உட்பட, இரும்புப் பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் வைத்த எல்லா எஞ்சின்களுக்கும் பொதுவானது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இரு மடங்கு விரிவடையும். அரை மீட்டர் நீளமுள்ள ஹெட் 60 டிகிரி சூடேறும்போது அலுமினியமானால் 0.7 மி.மீ. அளவுக்கும், இரும்பானால் அதில் பாதியளவுக்கும் நீள்கிறது. ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் இந்த வேறுபாட்டால் வரும் உராய்வை இடையிலுள்ள கேஸ்கெட் தாங்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடான அலுமினிய ஹெட் வளைந்தே போயிருக்கலாம்; நீர்த்துளைகளின் ஓரங்களை அரிப்பு தின்றிருக்கலாம்.

சோதனைகளில் மிகுந்த பலன் தருவது, குளிர்ந்த எஞ்சினில் செய்யப்படும் அழுத்தச் சோதனையாகும். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகக் கேஜ் பொருத்திய ஒரு கைப்பம்பை மாட்டி, அந்த வண்டியின் மூடியில் குறிக்கப்பட்ட அழுத்தம் வரை காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கவனிப்பதே அது. பித்தளையால் செய்து ஈயப்பற்று வைத்த பழைய ரேடியேட்டர்கள் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கா என்பதால் குறித்த அளவை மீறக்கூடாது. வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் இறங்கினால் நீர் உள்ளேதான் போகிறது. இந்த நிலையிலேயே எண்ணெயை வடித்துவிட்டு, சம்ப்பின் வடிகால் துளையின்கீழ் ஒரு சுத்தமான தட்டை வைத்துச் சில மணி நேரம் காத்திருக்கலாம். அதைவிடச் சிறந்தது, சம்ப்பையே கழற்றிவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து டார்ச்சுடன் மேல்நோக்கிப் பார்ப்பது. எந்தச் சிலிண்டரின் உட்சுவர் வழியே நீர் வழிகிறது, லைனரின் அடிவிளிம்பிலிருந்து சொட்டுகிறதா, தள்ளுகோல் பக்கத்திலிருந்து இறங்குகிறதா, முன்மூடியின் பக்கமிருந்து வருகிறதா என்பதைக் கண்ணாலேயே காணலாம். மரத்தாங்கிகளில் வண்டியை உறுதியாக நிறுத்தி, சம்ப்பை இறக்கி, காத்திருந்து பார்ப்பதற்கு ஒரு நாள் செலவாகும்; ஹெட்டை இறக்கியபின் திரும்பப் பெறவே முடியாத ஒரு காட்சி அந்த நாளில் கிடைக்கிறது.

அதே அழுத்தத்தை வைத்துக்கொண்டே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பதும் அவசியம். ஏதேனும் ஒரு சிலிண்டருக்குள் நீர் சேர்ந்திருந்தால் பிளக்கின் முனை நனைந்திருக்கும். அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் மேற்புறமும் நீராவியால் கரி நீங்கி மற்றவற்றைவிடத் துப்புரவாகக் காணப்படும். நீர் நிறைந்த சிலிண்டரைப் பிளக் போட்டபடி ஸ்டார்ட்டரால் சுழற்றினால், நீர் அமுங்காது என்பதால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே ஐயம் உள்ள எஞ்சினில் பிளக்குகளைக் கழற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது.

சிலிண்டருக்கும் நீருறைக்கும் இடையே கசிவு இருந்தால், எஞ்சின் ஓடும்போது எரிந்த வாயு நீருக்குள் போகும். எரிப்பின் உச்சத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு மிகுதி. ரேடியேட்டரின் வாயில் இடைவிடாது குமிழிகள் தோன்றுவது இதன் அறிகுறி. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய முதல் நிமிடத்திலேயே, நீர் கொதிக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில், குமிழிகள் வந்தால் ஐயமில்லை. புரோமோதைமால் ப்ளூ என்னும் நிறங்காட்டிக் கரைசலின் வழியே ரேடியேட்டரின் மேற்புறக் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் எளிய கருவியும் உண்டு. எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலக் கரைசலை மஞ்சளாக்கும். நீருறையிலிருந்து தள்ளுகோல் துளைக்கு மட்டும் கசியும் எஞ்சினில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. நிறம் மாறாததை வைத்து எஞ்சின் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பிழை. கசிவு சிலிண்டரைத் தொடவில்லை என்பது மட்டுமே அதனால் தெரிகிறது.

கம்ப்ரஷன் சோதனை என்னும் சிலிண்டர் அழுத்த அளவீட்டில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே மாதிரி குறைந்து காட்டினால், அவற்றுக்கு இடையிலுள்ள குறுகிய பாலத்தில் கேஸ்கெட் எரிந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இன்னும் நுட்பமானது, ஒவ்வொரு பிஸ்டனையும் இரு வால்வுகளும் மூடியிருக்கும் மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துளையின் வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, அது எங்கே வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வால்வு, புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வு, எண்ணெய் மூடியில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும், சில குளிரில் மட்டுமே கசியும். ஆகவே குளிர்ந்த நிலையில் எதுவும் தெரியாவிட்டால் சூடான எஞ்சினில் மீண்டும் பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்தான தீப்புண்ணை விளைவிக்கும் என்பதால், அழுத்தக் கருவியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மாட்டிவிட்டுப் பிறகு சூடேற்றுவதுதான் பாதுகாப்பு.

இவ்வளவுக்குப் பிறகு ஹெட்டை இறக்க நேர்ந்தால், எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்கும். கேஸ்கெட்டைக் கழற்றியவுடன் துடைத்துவிடாமல் அதன் இரு பக்கங்களையும் படமெடுத்து, நீர்த்துளைக்கும் எண்ணெய்த் துளைக்கும் இடையே கறைபடிந்த பாதை உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய கேஸ்கெட்டுகள் பல செம்புத் தகடுகளுக்கு இடையே ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த இழைகளின் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு செய்யும். ஒட்டியிருக்கும் துணுக்குகளைக் கம்பித் தூரிகையாலோ காற்றுக் குழாயாலோ உலரத் தேய்த்து ஊதுவது அறவே கூடாது. நன்றாக ஈரமாக்கி, முகக்கவசத்துடன் மெதுவாகச் சுரண்டி எடுத்து, கழிவைப் பையில் கட்டி மூடிவிட வேண்டும். பட்டறைகளில் இளம் வயதினர் இந்த வேலையை வெறுங்கையாலும் வெறும் மூச்சோடும் செய்யும் நிலை மாறியாக வேண்டும்.

ஹெட்டின் பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அடியில் மெல்லிய ஃபீலர் தகடு நுழைகிறதா என்று குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் பார்த்தால் வளைவு தெரியும். லேத் பட்டறையில் பரப்பைச் சீவிச் சமன் செய்யலாம். வார்ப்பிரும்பு ஹெட்டில் விரிசல் பெரும்பாலும் இரு வால்வு இருக்கைகளுக்கு இடையிலுள்ள குறுகிய பகுதியில் தோன்றும். அந்த இடத்தைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத்தூளைத் தூவினால் தூள் விரிசலின் கோட்டில் கூடி நிற்கும். அலுமினியம் காந்தத்துக்கு இசையாது என்பதால் அங்கே நிறச்சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து, விரிசலுக்குள் ஒளிந்த சாயத்தை வெள்ளைப் பொடியால் வெளியே இழுக்கும் முறை பயன்படுகிறது. ஹெட்டின் நீர்த்துளைகளை எல்லாம் தகடுகளால் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவைத்து உள்ளே காற்றைச் செலுத்திக் குமிழியைத் தேடும் சோதனை எல்லாவற்றினும் நம்பகமானது. ஹெட்டும் கேஸ்கெட்டும் குற்றமற்றவை என்று தெரிந்தால் பிளாக்கையும் அதே கவனத்துடன் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றினால் விரிசல் அடைபடும் என்று விற்கப்படும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுள் சில சோடியம் சிலிக்கேட் கொண்டவை. சூட்டில் கண்ணாடிபோல் இறுகி நுண்ணிய விரிசலைத் தற்காலிகமாக அடைக்கவும் செய்யும். ஆனால் நீருறையின் குறுகிய வழிகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியக்கூடியவை அவை. ஏற்கெனவே துருவும் உப்பும் படிந்த ஐம்பது வயது எஞ்சினில் அடைப்பு பெருகினால் அடுத்து வருவது மிகைச்சூடு, அதன் விளைவு புதிய விரிசல். பேண வேண்டிய காரில் இவற்றைப் பயன்படுத்துவதை எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது.

பழுது நீங்கியபின் எண்ணெயை ஒருமுறை மாற்றுவது போதாது. வெளுத்த களிம்பு எண்ணெய் வழிகளிலும் வடிகட்டியிலும் ஒளிந்திருக்கும். சம்ப்பைக் கழற்றிக் கழுவி, ஓரிரு பேரிங் மூடிகளைத் திறந்து பார்ப்பது நல்லது. ஈயமும் செம்பும் கலந்த பேரிங்கில் சாம்பல் நிற மேற்பூச்சு போய்ச் செம்பின் நிறம் தெரிந்தால் அந்தப் பேரிங்குகளை மாற்றியாக வேண்டும். பிறகு விலை குறைந்த புதிய எண்ணெயை ஊற்றி, முழுச் சூடு வரும்வரை சுமையின்றி ஓட்டி, சூட்டோடு வடித்து, வடிகட்டியை மாற்றி, வடியும் எண்ணெயில் மங்கல் இல்லாமல் போகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய வகை கேஸ்கெட்டுகள் சூடாகிக் குளிரும்போது சற்றே அமுங்குவதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்குவது வழக்கம். அப்படி இறுக்கியதும் ஹெட் இம்மியளவு கீழிறங்கி வால்வு இடைவெளி குறைந்துவிடும் என்பதால், அதையும் அன்றே ஃபீலர் தகட்டால் அளந்து சரிசெய்துவிட வேண்டும்.